தோட்டத்தில் ஓடும் கூட்ஸ் வண்டி

பத்துப் பன்னிரண்டு பேர், அதில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் கூடி நாலு மணி நேரம் பொம்மை ரயில் ஓட்டுகிறார்கள். கையில் வாக்கி டாக்கி, காதில் பென்சில், கழுத்தில் தொங்கும் அட்டைப் பெட்டி. இதைச் சொன்னதும் என் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு சிரிப்பது நல்லது இல்லையா? அதற்காகத்தான் இது.

அமெரிக்காவில் இதற்கு ஆபரேட்டிங் செஷன் என்று பெயர். தமிழில் 'ரயில் நடத்தும் அமர்வு' என்று எழுதிப் பார்த்தேன், கருத்தரங்கு அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது. செஷன் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ரயிலின் அளவு. மேஜை மேல் ஓடும் சின்ன ரயில் இல்லை இது. 1968-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லேமன் கம்பெனி எல்.ஜி.பி. என்ற பெயரில் மழை வெயில் தாங்கும் பெரிய ரயில்களைக் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். அளவு 1:22.5. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும். அதாவது நம்ம ஊட்டி ரயில் ஓடும் அதே மீட்டர் கேஜ்! பிறகு அமெரிக்கர்கள் அதே தண்டவாளத்தில் தங்கள் ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில்களையும் ஓட்ட ஆசைப்பட்டு 1:29 என்று ஒரு அளவைப் பிடித்தார்கள். கணக்குப்படி அது தப்பு, 1:32 தான் சரி. இதை வைத்து இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் போடும் சண்டை நம்ம ரஜினி-கமல் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை :-) எப்படியோ, 1:29-ல் ஒரு 40 அடி சரக்கு வேகன் சுமார் 42 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முப்பது வேகன் கோர்த்தால் 12 மீட்டரைத் தாண்டிவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓட்ட முடியாது. ரயில் கூடவே நடக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இதை வைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றவிட்டு, காபியோடு நாற்காலியில் உட்கார்ந்து ரசிப்பார்கள். அது ஒரு சுகம், நான் மறுக்கவில்லை. செஷன் என்பது வேறு ஜாதி. அங்கே ரயிலுக்கு வேலை இருக்கிறது.

ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு பை, பையில் ஒரு சீட்டு. இந்த வேகன் மரம் அறுக்கும் மில்லிலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு இன்ன ஊருக்குப் போக வேண்டும் என்று சீட்டு சொல்லும். போய்ச் சேர்ந்ததும் சீட்டைத் திருப்பி வைத்தால் அடுத்த பயணம். 1961-ல் டக் ஸ்மித் என்பவர் மாடல் ரெயில்ரோடர் பத்திரிகையில் எழுதிப் பிரபலமாக்கிய முறை இது. இப்போது ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். (கம்ப்யூட்டர் சயன்ஸ் மக்களுக்கு ஒரு தகவல்: ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸை மீறினால் காப்புரிமை வழக்குப் போடலாம் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன ஜேக்கப்சன் - காட்சர் வழக்கு இந்தப் பொம்மை ரயில் மென்பொருளால் வந்ததுதான். இனியாவது சிரிக்காதீர்கள்.) எனக்கென்னவோ அட்டைதான் பிடித்திருக்கிறது. வேகன் எங்கே போகிறதோ அங்கே அட்டையும் கூடவே போகிறது. அட்டை தொலைந்தால் அந்த வேகன் அநாதை.

இப்போது ஒரு வேகனை ஒரு சைடிங்கில் விட வேண்டும். சுலபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? பாயிண்ட் பின்பக்கமாகப் பிரிந்தால் சுலபம், தாண்டிப் போய்ப் பின்னால் தள்ளிவிடலாம். நாம் போகும் திசையில் முன்பக்கமாகப் பிரிந்தால் வந்தது வினை. எஞ்சின் முன்னால் இருக்கிறது, அப்படியே நுழைந்தால் எஞ்சின்தான் முதலில் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே லூப் லைன் உள்ள ஸ்டேஷனில் வேகன்களைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மட்டும் சுற்றி வந்து, பின்பக்கம் மாட்டிக்கொண்டு தள்ள வேண்டும். லூப் காலியாக இருக்க வேண்டும். அதற்குள் எதிரே பாசஞ்சர் வராமல் இருக்க வேண்டும். சைடிங்கில் ஏற்கெனவே நிற்கும் வேகனை யார் எங்கே நகர்த்துவது என்று வேறு யோசிக்க வேண்டும். டிரைவரும் கார்டும் முழங்காலிட்டு அட்டைகளைப் புல்லில் பரப்பி வைத்துத் திட்டம் போடுவார்கள். கணக்கு வகுப்பில் எனக்கு இந்த அளவு மூளை வேலை செய்ததில்லை.

இதற்கெல்லாம் மேலே டிஸ்பாட்சர். நம்மூர் ரயில்வே பாஷையில் செக்‌ஷன் கன்ட்ரோலர். அவர் கராஜுக்குள் உட்கார்ந்திருப்பார், ரயிலையே பார்க்க முடியாது. காகிதமும் குரலும்தான் அவருக்கு. கடிகாரமும் தனி. நான் போன தோட்டத்தில் மெயின் லைன் சுமார் 110 மீட்டர். 1:29-ல் ஒரு மைல் என்பது 55 மீட்டர், ஆக மொத்தமே இரண்டு மைல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கு வைத்தால் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் கடிகாரத்தை நாலு மடங்கு வேகமாக ஓடவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் இருபது நிமிடமாகிறது, பாதைக்கும் ஒரு தூரம் வந்துவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அன்று நான் உள்ளூர் கூட்ஸில் கார்டு. எங்கள் வண்டிக்கு அந்தஸ்து குறைவு. ஒற்றைப் பாதையில் ரயில்களுக்குள்ளும் சீனியர், ஜூனியர் உண்டு. சீனியர் வண்டி வரும் நேரத்துக்கு முன்பே ஜூனியர் வண்டி லூப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும். நின்றோம். பாசஞ்சர் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இருபது மீட்டர் தள்ளி, ரோஜாப் புதர் பக்கத்தில் அந்தப் பாசஞ்சர் அப்படியே நிற்கிறது. கப்ளிங் கழன்றுவிட்டதாம், இரண்டு பேர் குனிந்து சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். "அவங்க இப்போதைக்கு வரமாட்டாங்க, நாம அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிடலாமே?" என்று என் டிரைவரிடம் கேட்டேன். எழுபது வயது மனிதர். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ரயில் இங்கேயிருந்து எவ்வளவோ தூரத்துல இருக்கு தம்பி. அது நிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் (ஆங்கிலத்தில்தான், ஆனால் தொனி இதுதான்). வாக்கி டாக்கியில் கூப்பிட்டு டிஸ்பாட்சரிடம் உத்தரவு கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, அவர் சரி என்று நேரம் குறித்த பிறகுதான் எஞ்சின் நகர்ந்தது.

எனக்கு இது முதலில் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை ஏன் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும்?

1851-ல் நியூயார்க் மாநிலத்தில் ஈரி ரயில்வேயில் நடந்ததாகச் சொல்லும் ஒரு கதை உண்டு. எதிர் ரயிலுக்காக ஒரு வண்டி காத்துக் கிடக்கிறது. அதில் பயணம் செய்த சூப்பரின்டெண்டன்ட் சார்லஸ் மைனாட் தந்தி அடித்து, எதிர் ரயிலை முன்னால் ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, 'நாம் புறப்படலாம்' என்று டிரைவருக்கு எழுதிக் கொடுத்தார். டிரைவர் ஐசக் லூயிஸ் மறுத்துவிட்டார். கம்பி வழியே வந்த செய்தியை நம்பி எதிர் ரயில் மேல் மோத அவர் தயாராக இல்லை. மைனாட் தானே எஞ்சினை ஓட்டினார். லூயிஸ் கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாராம், மோதினால் பிழைக்கலாம் என்று. மோதவில்லை. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அமெரிக்க ஒற்றைப் பாதைகளில் இப்படி எழுதிக் கொடுத்த உத்தரவுகளை நம்பித்தான் ரயில்கள் ஓடின. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. சட்டைப் பையில் ஒரு மெல்லிய தாள் மட்டும் இருக்கும்.

1980-களோடு அந்த முறை பெரும்பாலும் போய்விட்டது. எஞ்சின்களை மியூசியத்தில் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். உத்தரவுத் தாள்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியவன் என்ன யோசித்தான், எதை நம்பினான், எங்கே நின்றான் என்பதை எந்தக் கண்ணாடிப் பெட்டி காட்டும்? வேலை செய்தால்தான் அது வெளியே வரும். நம்மூர் ஒற்றைப் பாதைகளில் பிரம்பு வளையத்தில் தோல் பை தொங்கும், பைக்குள் ஒரு இரும்புப் பந்து இருக்கும். அதுதான் டோக்கன். இரண்டு ஸ்டேஷன்களில் உள்ள கருவிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு பந்தை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே விழும்வரை அடுத்த பந்து வெளியே வராது. ஓடும் ரயிலிலிருந்து அந்த வளையத்தைக் கையில் கோர்த்துப் பிடித்த டிரைவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கருவியைப் பாதுகாக்கலாம். அதை வைத்து ஒரு நாள் பாதையை நடத்திக் காட்ட நம்மிடம் யார் இருக்கிறார்கள்? இந்தத் தோட்டத்துப் பெரியவர்கள் தங்கள் ஊர் முறையை மாதத்துக்கு ஒருமுறை நடத்திக் காட்டுகிறார்கள். சம்பளம் இல்லை, மதியம் ஒரு சாண்ட்விச். என்னைக் கேட்டால் இது மியூசியம் செய்யாத வேலை.

எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும், என் அறைத் தோழனே சொன்னான்: "கஷ்டத்தை எல்லாம் கழிச்சிட்டு சுகத்தை மட்டும் விளையாடறாங்க." நியாயமான பேச்சு. பழைய காலத்தில் பிரேக்மேன்கள் ஓடும் வேகன்களின் கூரை மேல் நடந்து கைப்பிரேக் போட்டார்கள். பெட்டி கோர்க்கும்போது விரல்களை இழந்தார்கள். 1893-ல் சட்டம் போட்டுத்தான் தானியங்கிக் கப்ளிங்கையும் காற்று பிரேக்கையும் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. கறுப்பின மக்கள் எத்தனை வருடம் பெட்டியில் பணியாளாக மட்டும் இருக்க முடிந்தது, கார்டாக முடியவில்லை என்பதும் அந்த ரயில்வேயின் வரலாறுதான். தோட்டத்தில் இது எதுவும் இல்லை. அங்கே வேகன் தடம் புரண்டால் 0-5-0 வரும். எஞ்சின்களை முன், நடு, பின் சக்கரம் எண்ணி 2-8-0, 4-6-2 என்று சொல்வார்கள் அல்லவா, ஐந்து விரல் உள்ள கைக்கு அவர்கள் வைத்த பெயர் 0-5-0. கையால் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தால் முடிந்தது விபத்து.

ஆகவே உடம்பு பட்ட பாடு அங்கே கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதைத் தேடுபவர்கள் தொழிலாளர் வரலாற்றைப் படிக்க வேண்டும், தோட்டத்துக்குப் போனால் ஏமாந்துதான் வருவார்கள். அங்கே கிடைப்பது இன்னொரு பாதி, தலைக்குள் நடந்த வேலை. ஒருவன் எழுதியதை இன்னொருவன் நம்பி நகர்வதும், நகராமல் நிற்பதும். நிற்பதுதான் அதிகம். ஃப்ராங்க் எல்லிசன் என்ற முன்னோடி 1940-களிலேயே மாடல் ரயிலை நாடகத்தோடு ஒப்பிட்டார், பாதைதான் மேடை, ரயில்கள் நடிகர்கள் என்று. பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. நாடகத்துக்குப் பார்வையாளர் வேண்டும். செஷனை வேடிக்கை பார்க்க வந்தவர் அரை மணியில் கொட்டாவி விட்டுக் கிளம்பிவிடுவார், ஏனென்றால் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஒரு கூட்ஸ் வண்டி லூப்பில் நிற்கும். பக்கத்தில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அந்த இரண்டு பேருக்கும் அப்போது வியர்க்கும்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். புதிதாக வருபவரை யாரும் தனியாக விடுவதில்லை, அனுபவசாலி ஒருவரோடு கார்டாகச் சேர்த்துவிடுவார்கள். தொப்பி அவசியம், முழங்காலுக்கு ஒரு துண்டு இருந்தால் உத்தமம். மழை வந்தால் அப்படியே நிறுத்திவிடுவார்கள். அன்று எங்களுக்கும் நாலரை மணிக்குத் தூறல் வந்துவிட்டது. தீவனக் கடைக்குப் போக வேண்டிய ஒரு வேகன் எங்கள் கையில் மிச்சம். எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால், அது வழக்கமில்லையாம். விட்ட இடத்திலேயே அடுத்த மாதம் தொடங்கும். வேகன்களை அதே வரிசையில் கொட்டகைக்குள் எடுத்து வைத்து, அட்டையை அந்த ஸ்டேஷன் பெட்டியில் போட்டு, மேலே ஒரு சீட்டில் 'தாமதம், காரணம்: மழை' என்று எழுதி வைத்தோம்.