மூட்டு வலியும் மஞ்சள் மாத்திரையும்

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறும் முதியவர்கள் இல்லாத வீடு ஏது? அவர்களைக் குறிவைத்து, "நானோ" என்ற அடைமொழியுடன் மஞ்சள் மாத்திரைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. இது மாயமா, மருந்தா?

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்க்குமின் என்ற பொருள். 1815-ம் ஆண்டிலேயே ஐரோப்பிய ரசாயனிகள் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். சோதனைக் குழாயில் அது வீக்கத்தைத் தணிக்கிறது. வயிற்றுக்குள் போனால் கதை வேறு! தண்ணீரில் அது கரைவதே இல்லை எனலாம். குடல் உறிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் கல்லீரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். குழம்பில் போடும் மஞ்சளே மூட்டு வலியைத் தீர்க்கும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் 1998-ல் மிளகை நாடினார்கள். 2 கிராம் குர்க்குமினுடன், மிளகின் காரச் சத்தான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடியது. இருமலுக்கு மஞ்சள் பாலில் மிளகு தட்டிப்போட்ட நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்!

நானோ முறையின் சூட்சுமம் வேறு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர். குர்க்குமினைச் சில நூறு நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்குகிறார்கள். அல்லது கொழுப்பு உறைக்குள் அடைக்கிறார்கள். கல்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைகிறதல்லவா?

ஜப்பானில் முழங்கால் தேய்மானம் உள்ள 50 பேரிடம் இத்தகைய மருந்தைச் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 180 மில்லிகிராம் குர்க்குமின், 8 வாரம். வழக்கமான வலி மாத்திரையின் தேவை குறைந்தது. வலியும் குறைந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே வலி மிகக் குறைவாக இருந்தவர்களைக் கழித்துப் பார்த்தபோதுதான் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. 50 பேர் என்பதும் சிறிய கணக்கே. எனினும், வலி மாத்திரையால் வயிறு புண்ணாகி, சிறுநீரகம் கெட்டு அவதிப்படும் முதியவர்களுக்கு இது அலட்சியம் செய்யக்கூடிய செய்தி அல்ல.

விளம்பரங்கள் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. நிறைய உறிஞ்சப்பட்டால் நன்மை மட்டுந்தானா கூடும்? மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் 2022-ல் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். சோதிக்கப்பட்ட மாத்திரைகளில் சிலவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது. 2023-ல் ஆஸ்திரேலிய சர்க்காரும் எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே, "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்ற பேச்சு இதற்குப் பொருந்தாது. உள்ளே குர்க்குமின் எத்தனை மில்லிகிராம், நுண்துகளா, மிளகுச் சத்து உண்டா, கல்லீரல் நோயாளிகள் சாப்பிடலாமா என்பதையெல்லாம் டப்பாவின் மேல் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். சர்க்கார் இதைக் கட்டாயமாக்குவதில் என்ன சிரமம்?

அதுவரை, டாக்டரைப் பார்க்கப் போகும் பெரியவர்கள் வழக்கமான மாத்திரைச் சீட்டுடன் அந்த மஞ்சள் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போகட்டும்.