வேண்டா என்று கூப்பிடாதீர்கள்

நம் திருவண்ணாமலையில் அண்ணாமலைகளுக்கும் அருணாசலங்களுக்கும் உண்ணாமுலைகளுக்கும் பஞ்சமில்லை. பிள்ளையைக் கூப்பிடுகிற சாக்கில் சாமி பெயர் வாயில் வரட்டும் என்று வைத்தவை. சாகும் நேரத்தில் மகன் நாராயணனைக் கூப்பிட்டே கரையேறிய அஜாமிளன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம்தான், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் வேண்டா என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் வைக்கிறோம், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பி. திருத்தணி பக்கம் நாராயணபுரத்தில் இது ஊர் வழக்கமாகவே இருந்தது.

வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் அந்தப் பெயரை வாசிக்கும்போது பின்வரிசையில் சிரிப்பு எழும். ‘உள்ளேன் ஐயா’ என்ற குரல் பாதியிலேயே அமுங்கிப்போகும். பள்ளிக்கூடம் நடக்கிற நாளெல்லாம் இதுதான். அந்தப் பிள்ளை கூச்ச சுபாவம் என்று பிறகு நாமே சொல்வோம்.

பெயர் ஆளை உருவாக்குமா? இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பெயரை ஓரளவு சரியாகச் சொல்ல முடிகிறது. குழந்தைகளின் முகத்தைப் பார்த்து முடிவதில்லை. பெயர் பிறவியிலேயே ஒட்டிக்கொள்வதில்லை. ஊர் கூப்பிடக் கூப்பிடத்தான் ஏறுகிறது.

வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896இல் கையெழுத்தில்லாத கடிதத்தை மதுரை வீட்டில் வைத்துவிட்டு இங்கே வந்தான். 1907இல் காவ்யகண்ட கணபதி முனிவர் சூட்டியதுதான் ரமண மகரிஷி என்ற பெயர். பெயரை உதறுவது அவருக்குக் கைகூடியது. ஏழாம் வகுப்புப் பிள்ளையால் அது ஆகாது, பெரியவர்கள்தான் செய்துதர வேண்டும். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் 2011இல் செய்தார்கள். ‘நகுசா’, அதாவது வேண்டாதவள், என்று பெயர் சுமந்த 285 பெண்களுக்கு மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது.

நம் மாவட்டத்திலும் அப்படி ஒரு விழா வேண்டும். அதுவரை, பெயரை மாற்றி அரசிதழில் வெளியிட வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஆகவே ஆசிரியர்களே, அதற்கு முன்பே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். புதுப் பெயரை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும்.