துடைக்கும் முன் படியுங்கள்

2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டதும், உரிமம் உள்ள ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பாட்டன் வழியில் வந்ததும் அந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஷிகார் காலம் முடிந்துபோனது. ஜமீன் வீடுகளிலும் மலைத் தோட்ட பங்களாக்களிலும் மிஞ்சிய வேட்டை ரைஃபிள்களுக்கு இன்று இருக்கும் ஒரே பயணம், தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போய்த் திரும்புவதுதான். விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று வாரிசுகள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? பழசு என்று வெட்கப்பட்டு, துருவைத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, முதலில் கேட்டவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய ரைஃபிளின் விலை அதன் பளபளப்பில் இல்லை. யார் செய்தது, யார் மாற்றியது, யாரிடம் இருந்தது என்பதற்கான தடயங்களில் இருக்கிறது. தேய்க்கும்போது முதலில் அழிவது அந்தத் தடயங்கள்தான்.

குழலின் மேல் பொறித்திருக்கும் பெயரைப் பார்த்ததும் செய்தவர் தெரிந்துவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. கடிகாரத்துக்குப் பெயர்போன சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா மான்டன், ரோடா போன்ற கடைகள் இங்கிலாந்துப் பட்டறைகளில் செய்வித்த துப்பாக்கிகளையும் தம் பெயர் பொறித்து விற்றன. உண்மையான பிறப்புச் சான்று கட்டையைக் கழற்றினால் குழலின் அடியில் தெரியும்: கிரீடம் போட்ட சின்னஞ்சிறு முத்திரைகள். லண்டன், பர்மிங்காம் சோதனைக் கூடங்கள் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து அடித்தவை அவை. துப்பாக்கியின் போரும் (குழல் துளையின் அளவும்) ஒரு சாட்சிதான். கலகக்காரர்களிடம் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குக் குண்டு பொருந்திவிடும் என்று அஞ்சி, 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் .450 போரைத் தடை செய்தது. அந்தத் தடையைத் தாண்டத்தான் .465, .470 போன்ற அளவுகள் பிறந்தன. ஆகவே .470 என்று பொறித்த இரட்டைக்குழல் கையில் இருந்தால், அதன் வயதுக்கு மேல்வரம்பு உடனே தெரிந்துவிடும்.

“மாற்றியமைத்த துப்பாக்கிக்கு ஏது மதிப்பு?” என்பார்கள். பாதி உண்மை. வெளிநாட்டுத் தோட்டா கிடைக்கவில்லை என்று குழலையே மாற்றி .315 ஆக்கியிருந்தாலோ, தொலைநோக்கி பொருத்த இயக்கத்தில் (தோட்டாவை ஏற்றிச் சுடும் பாகத்தில்) கோணல்மாணலாகத் துளையிட்டிருந்தாலோ, வால்நட் கட்டை உடைந்த இடத்தில் உள்ளூர்த் தச்சர் தேக்கைச் செதுக்கி வைத்திருந்தாலோ விலை சரியும். அப்படிக் குழலை மாற்றியபின் மறுசோதனை முத்திரை இல்லையென்றால், அதைச் சுடுவதே ஆபத்து. ஆனால் மாற்றம் என்றாலே குறை என்று ஆகாது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜெர்மானிய மவுசர் இயக்கத்தின் மேல் லண்டனில் கட்டிய ரைஃபிள். .275 என்ற போரும் மவுசரின் 7 மி.மீ.தான். கட்டையில் ஒரு சிறு வெள்ளித் தகடு: 1907-இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹியூவெட் அளித்தது என்கிறது. தகடு போயிருந்தால், பதிவேடும் இல்லாதிருந்தால், அது நன்றாகத் தேய்ந்த இன்னொரு மவுசர். இன்று அது ரிக்பி நிறுவனத்தாரிடமே பொக்கிஷமாக இருக்கிறது.

நடைமுறை பேசுவோர் இன்னொன்று சொல்வார்கள்: இங்கே வாங்குபவர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும், தனியாள் நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது, பிறகு ஆராய்ச்சி எதற்கு? லண்டன் ஏலத்தில் என்ன விலை போனது என்று இணையத்தில் பார்த்துக் கனவு காண்பது வீண் என்பது சரி. அந்தச் சந்தையில் நாம் இல்லை. ஆனால் சிறிய சந்தை என்பதாலேயே விற்பவரின் அறியாமைக்கு இங்கே தண்டனை அதிகம். பத்துப் பேர் போட்டியிடும் இடத்தில் தெரியாதவனுக்கும் நியாய விலை கிடைக்கலாம். வருகிறவர் ஒருவர்தான் என்றால், விலையைச் சொல்பவரும் அவர்தான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மூவரும் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிறார்கள். வரிசை எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், முதலில் எந்த வடிவில் யாருக்காகச் செய்தது என்று எழுதித் தருவார்கள். வேட்டையைப் போற்றுவதாகாதா என்று கேட்பவர்களுக்கு: இரும்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கும் புலியைச் சுடுவதற்கும் சம்பந்தமில்லை.

நேரம் இல்லை என்ற சாக்கும் செல்லாது. தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை விற்கும் முன் மாவட்ட நிர்வாகத்துக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டமே. அந்தக் கடிதம் எழுதும் முன், பகல் வெளிச்சத்தில் எண்களையும் முத்திரைகளையும் படமெடுங்கள். கட்டையைக் கழற்றும் வேலையை, வெற்றுத் துப்பாக்கிதானா என்று உறுதிசெய்தபின், அனுபவமுள்ள கம்மியரிடம் விடுங்கள். பிறகு உரிமப் புத்தகத்தை எடுத்து ஒப்பிடுங்கள். குழலில் ஓர் எண், இயக்கத்தில் ஓர் எண் என இரண்டு மூன்று இருக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முன் எந்த எழுத்தர் எதைப் பார்த்து எழுதினாரோ, அந்த எண்தான் இன்றும் புத்தகத்தில் இருக்கும். அது பொருந்தாவிட்டால் முதல் வேலை திருத்தம் கேட்டு மனுப் போடுவது. விலை பேசுவதெல்லாம் அதன் பிறகு.