80-ம் நம்பர் கதவு

ஆம்பூருக்குப் போனால் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதானே மரபு? போன வருடம் நான் போனது ஒரு பஞ்சாயத்துக்கு!

ஷூ ஏற்றுமதி செய்கிற நண்பரின் ஆபீஸ். ஆர்டர் விவரப் பக்கத்தை எல்லா மேஜைக்கும் அனுப்புவது, மூலையில் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடுவது 'அப்பாச்சி' என்கிற வெப் சர்வர் மென்பொருள். வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பையன் புது வெர்ஷன் போட்டிருக்கிறான். ஆனால், எதைத் திருத்தினாலும் திரையில் பழைய பக்கமே வருகிறது. ''பையனுக்கு வேலை தெரியலை. சம்பளத்துல பிடிச்சுடுங்க'' என்கிறார் மேனேஜர்.

சம்பளத்தில் கைவைக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள், புண்ணியவான்களே!

வெப் சர்வர் வழக்கமாக உட்காருவது 80-ம் நம்பர் போர்ட்டில். ஒரு கதவு, ஒரு வாட்ச்மேன். எப்போதோ யாரோ போட்டுவிட்டுப் போன அப்பாச்சி 2.2, கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே தானாக எழுந்து அந்தக் கதவைப் பிடித்துக்கொள்கிறது. புதிய 2.4 வந்து பார்த்து, 'இடமில்லை' என்று லாக் ஃபைலில் எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறது. அந்த ஃபைலைத் திறக்க யாருக்கும் நேரமில்லை. திட்டுவதற்கு மட்டும் இருக்கிறது!

பையன் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' என்று அடித்தான். 80-ஐப் பிடித்திருப்பவரின் நம்பர் வந்தது. டாஸ்க் மேனேஜரில் தேடினால்... பெரியவர் 2.2! அவரை நிறுத்தினான். அப்போதும் 2.4 எழவில்லை. ''பழைய செட்டிங்கை மாத்தாதே'' என்ற மேலிடத்து உத்தரவுப்படி, பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே கொண்டுவந்திருந்தான். 2.2-க்காகச் செய்த பிஎச்பி மாட்யூல் 2.4-ல் ஏறாது. 'ஆர்டர் அலவ், டினை' என்ற பழைய அனுமதி வரிகளும் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என்று மாற வேண்டும். மாற்றினான். ஓடியது.

'ஓடிட்டிருந்ததை ஏன் தொடணும்?' என்கிறீர்களா? 2.2-ன் கடைசி வெளியீடு 2017-ல். அதன் பிறகு ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத்தர ஆளில்லை. புதுசு என்பதும் போதாது. 2021 அக்டோபரில், 2.4.49-ல் வெளியாள் உள்ளே புகுந்து ஃபைல்களைப் படிக்கிற ஓட்டை தெரியவந்தது. அவசரமாக வந்த 2.4.50-ம் அதை முழுசாக அடைக்கவில்லை. சில நாட்களிலேயே 2.4.51 வந்தது. தன் மெஷினில் எது ஓடுகிறது என்றே தெரியாதவர் எதை அடைப்பார்?

நான் பி.காம். பழைய லெட்ஜரை முடித்து, பாக்கியைக் கொண்டுவந்த பிறகே புதுசில் எழுதணும் என்பது எங்கள் பாலபாடம். இரண்டிலும் எழுதினால் அதற்குப் பெயர் கணக்கில்லை, குளறுபடி!

1996-ல், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவை ஏற்கணும் என்றது. பாலாற்றங்கரைத் தோல்காரர்களுக்கு இது தெரியாத சங்கதியா? அதே நியாயத்தை ஆபீஸுக்குள்ளும் கொண்டுவாருங்கள். பழசை எடுக்காமல், என்ன போட்டோம் என ஒரு நோட்டில்கூட எழுதிவைக்காமல் விட்டது நிர்வாகம். பில் மட்டும் பையனுக்கா?

நண்பர் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. ''பேக்கப் எடுத்துட்டேன் சார்... பழசை மொத்தமா அழிச்சுடவா?'' என்று கேட்டான் பையன்.

மேனேஜர் பதறினார்: ''வேணாம்பா... அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்!''