மொத்தத்தை மூடி வைத்துவிட்டுப் பேசுவோம்

மே மாதத் தொடக்கத்தில் பிளஸ் டூ முடிவு வந்துவிடும். அன்று மதியத்திலிருந்தே வழிகாட்டி ஆசிரியரைத் தேடிப் பெற்றோர் வரத் தொடங்குவார்கள். 550-க்கு மேல் வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கு நம் உதவி அதிகம் வேண்டியிருக்காது. யோசனை சொல்ல ஊரே காத்திருக்கும். ஒரு பாடத்தில் தவறியவர்களுக்குத் துணைத் தேர்வு, பிறகு துணைக் கலந்தாய்வு என்று வழி ஓரளவு நேராகவே இருக்கிறது. நம்மைத் திணறடிப்பவர்கள் இடையில் இருப்பவர்கள்தான். ஒரு பாடத்தில் 97, இன்னொன்றில் 52. அப்பா செல்போன் திரையை நீட்டி, "சார், இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்?" என்பார். நாமும் அடியில் உள்ள மொத்தத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். தமிழ் 91, ஆங்கிலம் 84, கணிதம் 52, இயற்பியல் 61, வேதியியல் 70, கணினி அறிவியல் 97. மொத்தம் 600-க்கு 455. வீட்டில் பேசப்படுவது இந்த 455 மட்டும்தான். "சித்தப்பா பையன் 520 எடுத்தான்" என்ற ஒப்பீடும் இதை வைத்துத்தான். ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரி வாசல்களில் இந்த 455-ஐக் கேட்பதில்லை என்பதைப் பெற்றோருக்கு முதலில் சொல்லியாக வேண்டும். பொறியியல் தரவரிசையில்கூட, கட்-ஆஃப் சமமாகி, பாட மதிப்பெண்களும் சமமானால்தான் மொத்தத்துக்கு வேலை வரும்.

பொறியியல் கலந்தாய்வு பார்ப்பது கணிதம் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக: 52, 30.5, 35. ஆக 200-க்கு 117.5. அங்கே தமிழில் வாங்கிய 91-க்கும் கணினியில் வாங்கிய 97-க்கும் ஒரு மதிப்பும் இல்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிக்குப் போனால் கணக்கு மாறுகிறது. மொழிப் பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்கள், 400-க்கு 280. பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழ் மதிப்பெண்தான் முன்னால் வந்து நிற்கும். ஜேஇஇ எழுதி என்ஐடி பக்கம் போக நினைத்திருந்தால் கதை வேறு. அங்கே ஒரு மொழியோடு சேர்த்து ஐந்து பாடங்களில் 75 விழுக்காடு வேண்டும். பட்டியல், பழங்குடிப் பிரிவினருக்கு 65. நம் பட்டியலில் அது 500-க்கு 371, அதாவது 74.2. நான்கே மதிப்பெண்ணில் வாசல் சாத்திக்கொள்கிறது. வாரியத்தின் முதல் 20 பர்சன்டைலுக்குள் வந்திருந்தால் மட்டும் விலக்கு. "லாங்குவேஜ் பேப்பர்தானே" என்று பதினோராம் வகுப்பிலிருந்தே பிள்ளையிடம் சொல்லி வந்த பெற்றோருக்கு இந்த இடத்தில்தான் சுருக்கென்று தைக்கும்.

ஆறு வாசலில் ஆறு விதமாகப் படிக்கப்படும் தாளை நாம் ஒரே எண்ணாகச் சுருக்குவது முதல் சிக்கல். அதைவிடப் பெரியது, தாளில் அச்சாகியிருக்கும் எண்களே மேடுபள்ளத்தை மறைப்பது. இயற்பியலில் 61 என்றால் கணிதத்தில் வாங்கிய 52-ஐவிட மேல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரித்துப் பாருங்கள். இயற்பியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த முப்பதும் ஏறக்குறைய எல்லோருக்கும் முழுதாகக் கிடைத்துவிடுகிறது என்பது நமக்குள் தெரிந்த சங்கதி. மிச்சம் எழுத்துத் தேர்வில் 70-க்கு 31. கணிதத்துக்குச் செய்முறை கிடையாது. அகமதிப்பீடு 10 போக 90-க்கு 42. விழுக்காட்டில் இயற்பியல் 44, கணிதம் 47. பிள்ளையின் உண்மையான பலவீனம் இயற்பியல். வீட்டில் திட்டு வாங்குவது கணிதத்துக்கு. கணினி அறிவியலில் எழுத்துக்கு மட்டும் 70-க்கு 67, ஆக அந்த 97 அசல். இன்னொரு பிள்ளை அதே கணினியில் 72 வாங்கியிருந்தால், முப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்காமல் "கம்ப்யூட்டர் நல்லா வருது" என்று சொல்லிவிடக் கூடாது.

இந்தக் கழித்தலை நாம் தனியே செய்து வைத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோர் முன்னால், பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்த மேசையில் நடக்கும் பேச்சின் தொனியே மாறிவிடுவதை நம் ஆசிரியர்கள் பலர் கண்டிருப்பார்கள். "ஏன் குறைஞ்சுது?" என்ற அதட்டல் போய், "இயற்பியல்ல என்னடா ஆச்சு?" என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்விக்கான பதில் பல நேரம் நம் கையில்தான் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியர் பணியிடம் அரையாண்டு வரை காலியாகக் கிடந்ததா? பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினானா? ஜனவரியில் வீட்டில் ஒரு சாவா? பெற்றோருக்குப் பணியிடக் காலி தெரியாது. பிள்ளை சொல்லியிருந்தாலும் சாக்கு என்று தள்ளியிருப்பார்கள். நமக்குத் தெரியும். பள்ளியின் குறையை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம். அந்தக் கூச்சத்துக்கான விலையை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கொடுக்கக் கூடாது. ஆசிரியர் இல்லாமல் குறைந்த மதிப்பெண்ணும், ஆசிரியர் இருந்தும் பிடிபடாமல் குறைந்த மதிப்பெண்ணும் ஒன்றல்ல. முன்னது கல்லூரியில் சரியாக வாய்ப்புண்டு. பின்னது அங்கேயும் தொடரும்.

தொடரும் என்பதைப் பெற்றோருக்கு விளங்க வைப்பது சற்றுக் கடினம். "காலேஜ் போயிட்டா படிச்சிக்குவான்" என்பது அவர்களின் நம்பிக்கை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய எந்தப் பிரிவை எடுத்தாலும் முதல் பருவத்திலேயே அணிகளும் நுண்கணிதமும் இருந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவருக்கு மூன்றாம் பருவத்தில் தனிநிலைக் கணிதம். எம்-ஒன் எனப்படும் முதல் பருவக் கணிதத்தின் அரியரைக் கடைசி ஆண்டு வரை சுமந்து திரியும் பிள்ளைகளை நம் ஊர்களிலேயே பார்க்கலாம். கணக்குக்குப் பயந்து உளவியல் எடுத்தால் அங்கே புள்ளியியல் காத்திருக்கும். சென்னை ஐஐடியின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இப்போது பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. அதன் அடித்தள நிலையிலும் கணிதம், புள்ளியியல் இரண்டும் உண்டு.

அப்படியானால் கணிதத்தில் 52 வாங்கிய பிள்ளை பி.இ. போகலாமா கூடாதா? விடைத்தாள் நகலைப் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன். முடிவு வந்த சில நாட்களுக்குள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாம் அதன் பிறகுதான். நாமோ மதிப்பெண் கூடுமா என்று பார்க்க மட்டுமே நகலை வாங்கச் சொல்கிறோம். அதைவிட நல்ல பயன் ஒன்று உண்டு. கணிதத் தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழு, மொத்தம் 35. அந்த ஏழையும் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். தொட்டே பார்க்காமல் விட்ட பக்கங்கள் ஒரு கதை சொல்லும். சூத்திரம் சரியாக எழுதி, மூன்றாவது படியில் குறி மாறி, விடை தவறிய பக்கங்கள் வேறு கதை சொல்லும். இரண்டாம் வகைப் பிள்ளை கோடையில் ஆறு வாரம் உட்கார்ந்தால் எம்-ஒன் தாண்டிவிடும். முதல் வகைப் பிள்ளையிடம் அந்தக் கணினி 97-ஐ வைத்துக்கொண்டு பிசிஏ, பி.எஸ்சி. கணினி அறிவியல், அல்லது பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு என்று பேசலாம். டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. பிசிஏவிலும் கணிதம் எட்டிப்பார்க்கும், ஆனால் அதுவே முதுகெலும்பாக இருக்காது.

அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் தரவரிசை தனி. பொதுப் பட்டியலில் பின்னால் நிற்கும் 117.5, அங்கே வெகு தூரம் முன்னேறி நிற்கும். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரியாமல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வட்டிக்கு வாங்கி முன்பணம் கட்டியவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது நம் துறைக்குப் பெருமை இல்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால் நம்மில் பலர் "ஊக்கம் கொடுங்கள், திட்டாதீர்கள்" என்று முடித்துவிடுகிறோம். திட்டாமல் இருப்பது நல்லதுதான். அந்த வாரத்தில் பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கட்டிட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விட்டு வரும் பெற்றோருக்கு, கையால் செய்யக்கூடிய வேலையைச் சொன்னால்தான் தாங்களும் இதில் இருக்கிறோம் என்ற எண்ணம் வரும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை முடிவு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைப்பது அவர்கள் வேலை. விண்ணப்பத்தில் சொந்த செல்போன் எண்ணைக் கொடுப்பதும் அப்படியே. பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டால், ஓடிபி அவருக்குப் போகும். சாய்ஸ் பட்டியலும் அவர் கைக்குப் போய்விடும்.

அந்தச் சாய்ஸ் பட்டியலைப் பற்றி ஒரு சொல். "நமக்கு இதெல்லாம் கிடைக்காது" என்று விரும்பிய கல்லூரியைக் கீழே தள்ளி, கிடைத்துவிடும் என்று தோன்றும் கல்லூரியை முதலில் வைக்கும் பழக்கம் பெற்றோரிடம் இருக்கிறது. ஒதுக்கீட்டு முறை அப்படி இயங்கவில்லை. தரவரிசைப்படி பிள்ளையின் முறை வரும்போது, அதன் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. விரும்பியதை மேலே வைத்தால் இழப்பு எதுவும் இல்லை. பயந்து மேலே வைத்ததே கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே எழுதிய ஆசைகளை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

பட்டியலைப் பிள்ளை தனியாக ஒரு தாளில், பெற்றோர் தனியாக ஒரு தாளில் எழுதட்டும். பிறகு மாற்றிக்கொள்ளட்டும். அப்பாவின் தாளில் நான்கு கல்லூரியும் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கும். ஹாஸ்டல் பணம் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லாததைத் தாள் சொல்லிவிடும். அதைக் கேட்டுப் பிள்ளை ஒன்றும் உடைந்துபோகாது. பணம் இவ்வளவுதான் என்று தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளையைவிட நன்றாகவே தேர்ந்தெடுக்கிறது. வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் பயத்தையும் நாம் பழமைவாதம் என்று ஒதுக்கக் கூடாது. மாதச் சம்பளத்தின் அருமை அந்த மேசையில் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

வழிகாட்டி நிகழ்ச்சி என்ற பெயரில் மண்டபம் பிடித்து, கல்லூரிகள் செலவில் பையும் பேனாவும் கொடுத்து நடத்தும் கூட்டங்களைப் பற்றிப் பல முறை எழுதிவிட்டோம். மேடு பள்ளமான மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை. அதற்குத் தேவை ஒரு மேசையும் முக்கால் மணி நேரமும்தான். அந்த நேரம் மே மாதத்தில் கிடைக்காது என்பதும் நமக்குத் தெரியும். க்யூட், ஜேஇஇ ஆகியவற்றுக்கு முடிவு வரும் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. கணிதத்தில் மட்டும் மின்னி, மற்றவற்றில் தடுமாறும் பிள்ளைக்குச் சென்னைக் கணிதவியல் கழகம் போன்ற இடம் இருக்கிறது. அங்கே சேர்க்கை நுழைவுத் தேர்வை வைத்து. அந்தப் பெயரை மே மாதத்தில் சொல்லிப் பயனில்லை. இனி வரும் ஆண்டுகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பரிலேயே இந்தப் பேச்சைத் தொடங்குவது என்று நம் வட்டங்களில் முடிவெடுக்க வேண்டும்.

இந்த ஆண்டுக்கு ஒரு சிறு ஏற்பாடு. இதழின் நடுப்பக்கத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். பாடவாரியாக எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைத் தனியே எழுதும் நிரல், பொறியியல், கலை அறிவியல், தேசிய நிறுவனங்கள் ஆகிய மூன்றுக்குமான கணக்குக் கட்டங்கள், குறைந்த பாடத்துக்குக் காரணம் எழுத நான்கு வரி. மொத்தம் எழுத இடம் விடவில்லை. படியெடுத்துக்கொள்ளுங்கள், முடிவு வரும் நாளில் பெற்றோர் கேள்வி கேட்பதற்கு முன்பே பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.