காட்டுகிறவரிடமே காசா?

கல்யாண வீட்டில் நாதசுரம் வாசிக்க வந்தவரிடமே மொய் கேட்டால் எப்படி இருக்கும்? பழைய கார்களைக் காட்சிக்குக் கொண்டு வருகிறவர்களின் மனக்குறை அப்படிப்பட்டதுதான். காரும் அவர்களுடையது. பெட்ரோல் செலவும் அவர்களுடையது. அதற்கு மேல் நுழைவுக் கட்டணமும் அவர்கள் தலையிலா?

கட்டணம் நியாயமாக இருக்கும் இடமும் உண்டு. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் ஊர்வலம் நடக்கிறது. லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை சுமார் 60 மைல் தூரம். 1905-க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அதில் இடம்.

1896-ல் அந்நாட்டில் மோட்டார் வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்ந்தது. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட அவ்வாண்டு நவம்பர் 14-ந் தேதி வண்டிகள் பிரைட்டனுக்குப் புறப்பட்டன. அதன் நினைவாகவே இந்த ஊர்வலம்.

இதில் கலந்து கொள்கிறவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். சாலை ஓரம் நின்று பார்க்கிற ஜனங்களோ ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. வழி காட்ட ஆள் வேண்டும். நடுவழியில் நின்றுபோன வண்டிக்கு உதவி வேண்டும். அந்தச் செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும்?

வேலி போட்டு, வாசலில் டிக்கெட் விற்கும் காட்சிகளின் கதை வேறு. ஜனங்கள் டிக்கெட் வாங்குவது காரைப் பார்க்கத்தான்; காலி மைதானத்தைப் பார்க்க அல்ல! காரைக் கொண்டு வந்தவர்தான் கூட்டத்தையும் கொண்டு வந்தவர். அவரிடமும் வசூல் செய்வது என்ன நியாயம்?

பழைய கார் வைத்திருப்பவர் எல்லோரும் சீமான்கள் அல்ல. அப்பா ஓட்டிய வண்டியை லீவு நாளில் தாமே துடைத்து, தாமே பழுது பார்த்துக் காப்பாற்றும் தொழிலாளியும் உண்டு. கட்டணம் கையைக் கடித்தால் அவர் வீட்டோடு இருந்துவிடுவார். அவருடைய வண்டி கொட்டகையில் துருப் பிடிக்கும். காட்சியில் பணக்காரர்களின் கார்கள் மட்டுமே மின்னும்.

பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய சொந்த கார்களுக்குச் சாலை வரி கிடையாது. அரசாங்கமே விட்டுக்கொடுக்கும்போது காட்சி நடத்துகிறவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

வாசலில் வசூல் உண்டா? கார் கொண்டு வருகிறவருக்குக் கட்டணம் வேண்டாம். வாசல் வசூல் இல்லையா? ஆகிற செலவை மட்டும் பங்கு போட்டு வாங்கட்டும். தர்ம காரியத்துக்கு என்றால் அதை முன்கூட்டியே சொல்லட்டும். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டட்டும். அப்போது கொடுக்கிறவர் மனமும் நோகாது. வாங்குகிறவர் பெயரும் கெடாது.