எட்டு டம்ளர் வேதம்

"தினம் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே தீரவேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கலாகாது" என்று படித்தவர்களென்போரும் உபதேசம் செய்து வருகிறார்கள். இதை யார் சொன்னார், என்ன காரணம் காட்டினார் என்று நாம் கேட்டால், "எல்லோரும் சொல்லுகிறார்கள்" என்பதைத் தவிர வேறு பதிலில்லை. சாஸ்திரங்களுக்கும் இதே பதிலைத்தானே சொல்லி வந்தார்கள்?

இதற்கு மூலமென்று பலரும் காட்டுவது 1945ல் அமெரிக்க உணவு, போஷாக்குக் குழு வெளியிட்ட ஒரு குறிப்பாகும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2½ லிட்டர் நீர் தகுமென்று அதில் கண்டிருப்பது மெய். ஆனால் அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறதென்றும் அங்கேயே கண்டிருக்கிறது. முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விழுங்கிவிட்டார்கள்! 2002ல் ஹெயின்ஸ் வால்டின் என்னும் சிறுநீரக ஆராய்ச்சியாளர் இதைத் துருவிப் பார்த்து, மிதமான சீதோஷ்ணத்தில் கடும் உழைப்பின்றி வாழும் சுகதேகிகளுக்கு எட்டு டம்ளர் அவசியமென்பதற்கு ஆதாரம் அகப்படவில்லையென்று எழுதினார்.

வீண் வேலையோடு போனால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இதில் உயிரே போகிறது. நமது சிறுநீரகம் மணிக்குச் சுமார் 1 லிட்டர் நீரைத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்திலுள்ள சோடியம் என்னும் உப்பு நீர்த்துப் போகும். நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவை வீங்கும். கால் வீங்கினால் தோல் இடங்கொடுக்கும். மூளை வீங்கினால் மண்டையோடு இடங்கொடுக்குமா? தலைவலி, வாந்தி, பிதற்றல், வலிப்பு, முடிவில் மரணம்!

2002ல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் 488 பேர் இரத்தத்தைச் சோதித்ததில் 100க்கு 13 பேருக்கு உப்புக் குறைந்திருந்தது. ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தவர்களே, அதாவது வியர்த்ததற்கு மேல் குடித்தவர்களே, அவர்களில் அதிகம். 2007ல் சாக்ரமெண்டோ நகரில் வானொலிப் பரிசு ஒன்றுக்காகப் போட்டியில் தண்ணீர் குடித்த தாயொருவர் அன்றைக்கே மாண்டார்.

"அப்படியானால் தண்ணீரே வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. வெயிலில் பாடுபடுகிறவரும், சிறுநீரகக் கல்லுள்ளவரும் அதிகம் குடிக்கத்தான் வேண்டும். பேதி கண்டவருக்கு நீரோடு உப்பும் சர்க்கரையும் வேண்டும். முதியவர்களுக்குத் தாகம் மந்தப்படுமாதலால் கவனம் வேண்டும். பச்சைக் குழந்தைக்கோ ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். தனியாகத் தண்ணீர் ஊற்றுவது தீங்கேயாகும். ஆளுக்கொரு தேவையிருக்க, எல்லோருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்?

எட்டு டம்ளர் வேதத்தால் புட்டித் தண்ணீர் விற்கும் முதலாளிக்கு லாபமிருக்கலாம், உங்களுக்கென்ன லாபம்? ஆகவே தோழர்களே! தாகத்துக்குக் குடியுங்கள், பிறர் போட்ட கணக்குக்குக் குடிக்காதீர்கள்.